பழைய ஆம்புலன்ஸ் கேம்பர்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

ஏலத்தில் எடுத்த ஒரு டிராவலர் ஆம்புலன்ஸை கோவையில் என் வீட்டு வாசலிலேயே கேம்பராக, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியாக, மாற்றினேன். கூரையில் சோலார், பெஞ்சுக்கு அடியில் லித்தியம் பேட்டரி (இதுதான் ஹவுஸ் பேட்டரி; வண்டியைக் கிளப்பும் இன்ஜின் பேட்டரி வேறு), சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப். கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் நான்கு நாள் தங்கலாம். அப்புறம் நண்பர்கள் இரண்டு பேர் அதேபோல் வண்டி எடுத்தார்கள். மூன்று வண்டிகளையும் மாறி மாறிப் பழுது பார்த்ததில், ஒரே மாதிரி கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரிந்தது. புதிதாக வாங்கிப் போட்ட பொருளில் கோளாறு இருந்தது மிகக் குறைவு. ஆம்புலன்ஸ் காலத்து ஒயரிங்கை முழுசாகப் பிரிக்காமல் விட்ட இடத்திலும், சரியாகப் பிடிக்காத எர்த்திலும் (வண்டி இரும்போடு சேரும் நெகட்டிவ் இணைப்பு), அவசரத்தில் நசுக்கிய லக்கிலும்தான் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்) முக்கால்வாசி இருந்தன. அதனால் "பேட்டரி போச்சு, மாத்திடுங்க" என்று யார் சொன்னாலும், முதலில் கீழே உள்ளதைப் பார்த்துவிடுங்கள்.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், டிசி கரண்ட் காட்டும் கிளாம்ப் மீட்டர், 10, 13 எண் ஸ்பேனர், எமரி தாள், ஒவ்வொரு அளவிலும் இரண்டு ஃபியூஸ். கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டிசி கரண்டை அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவை பல ஏசி மட்டும்தான் அளக்கும்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

சாவி போடாமல், இன்ஜின் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். வரும் எண்தான் எந்தப் பக்கம் போவது என்று சொல்லும்.

*12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, ஆனாலும் எடுக்கவில்லை*

பேட்டரி டவுன் இல்லை, வழியில்தான் தடை. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருக்கிறதா பாருங்கள். வெந்நீர் ஊற்றிக் கழுவி, எமரி தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்குங்கள். பாதி நேரம் இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஸ்ட்ராப் அரித்துப்போயிருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் இதேபோல் பேட்டரி முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்கும் இடையே பாருங்கள். இரண்டும் சரி, ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6-க்குக் கீழே விழுகிறது என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. வோல்ட் விழவே இல்லை, ஒரு 'டக்' மட்டும் கேட்கிறது என்றால் சோலினாய்டு அல்லது செல்ஃப் மோட்டார். அது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை. வண்டிக்கு அடியில் படுத்து நீங்கள் கழற்ற வேண்டாம்.

*12.2-க்குக் கீழே இருக்கிறது*

இரவில் ஏதோ ஒன்று தின்றிருக்கிறது. பழைய ஆம்புலன்ஸில் இதுதான் தலையாய கோளாறு.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கழற்றிய கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் பக்கத்தில் சேர்த்து வையுங்கள். கதவெல்லாம் மூடி, 20 நிமிடம் விடுங்கள். இந்த நேரத்தில் சாவியைத் திருப்பவே கூடாது. மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த லைன்தான்.

என் வண்டி நான்கு நாள் சும்மா நின்றால் ஐந்தாம் நாள் எடுக்காது. இரண்டு பேட்டரி மாற்றிய பிறகுதான் இப்படி அளந்தேன். 0.42 ஆம்பியர். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-அவர். நான்கு நாளில் 75 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. ஃபியூஸ் பெட்டியில் எதைப் பிடுங்கியும் எண் அசையவில்லை. டேஷ்போர்டைக் கழற்றியபோது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒயர் கட்டோடு சேர்த்து டேப் சுற்றிய தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. பழைய ஜி.பி.எஸ். கருவி. சிம் செத்துப்போன பிறகும் நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. பிடுங்கினேன், 0.34. அதற்கும் கீழே சைரனின் ஆம்பிளிஃபயர். ஒலிபெருக்கியைக் கூரையிலிருந்து எடுத்துவிட்டார்கள், பெட்டியை எடுக்கவில்லை. அதையும் பிடுங்கியதும் 0.03. இரண்டுமே ஃபியூஸ் பெட்டி வழியாக வராமல், பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயரில் இருந்தன.

ஆகவே ஃபியூஸைப் பிடுங்கியும் குறையவில்லை என்றால், பேட்டரி பாசிட்டிவில் எத்தனை ஒயர் உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் கையால் தடவிக்கொண்டே கடைசிவரை போங்கள். சைரன், சுழல் விளக்கு, பின்கதவுக்கு மேலே இருக்கும் வெளி விளக்கு, சக்ஷன் கருவிக்குக் கொடுத்த 12 வோல்ட் சாக்கெட், நோயாளி அறை மின்விசிறி: இவற்றின் லைன்களை வேரோடு எடுப்பதே நல்லது. நுனியில் டேப் சுற்றி விட்ட ஒயர் என்றைக்காவது தகரத்தில் உரசும்.

ரிலேயும், அதாவது இரண்டு பேட்டரியையும் தானே சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சும், சந்தேகத்துக்குரியதுதான். இன்ஜின் பேட்டரியையும் ஹவுஸ் பேட்டரியையும் ரிலே வழியாக இணைத்திருந்தால், இன்ஜினை நிறுத்தி அரை மணி நேரம் கழித்து இரண்டையும் அளந்து பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்வரை ஒரே எண் என்றால் ரிலே இன்னும் பிரியவில்லை. சோலாரை மூடிவிட்டு, ஃபிரிட்ஜை ஓடவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் இரண்டும் சேர்ந்தே இறங்கினால் ரிலேயின் உள்முனை ஒட்டிக்கொண்டது; இரவெல்லாம் ஃபிரிட்ஜ் குடிப்பது இன்ஜின் பேட்டரியையும் சேர்த்துத்தான்.

எல்லாம் சரி, வண்டி ஓடியும் பேட்டரி ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டர். இன்ஜினைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட்வரை வர வேண்டும். 13.2-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு பட்டறைக்குப் போங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி "டைனமோ வேலை செய்யுதா" என்று பார்க்கும் பழைய வித்தை வேண்டவே வேண்டாம். ஆல்டர்னேட்டரின் டையோடு அந்த நொடியிலேயே போய்விடக்கூடும்.

இன்னொன்று. வழியில் மாட்டிக்கொண்டால் ஹவுஸ் பேட்டரியிலிருந்து ஜம்பர் போட்டு செல்ஃப் அடிக்கத் தோன்றும். லித்தியம் என்றால் செய்யாதீர்கள். டீசல் இன்ஜினின் செல்ஃப் இழுக்கும் கரண்டுக்கு அதன் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று) கட் ஆகிவிடும். இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் எடுங்கள்.

ஓட்டும்போது ஹவுஸ் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை

இன்ஜின் ஓடட்டும். முன் பேட்டரியில் 14 வோல்ட் பக்கம் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, ஹவுஸ் பேட்டரி முனையில் அளக்கவும்.

*எண் அசையவே இல்லை*

லைன் எங்கோ துண்டாகியிருக்கிறது. இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் இரண்டு முனையிலும் ஃபியூஸ் இருக்க வேண்டும்; இரண்டையும் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது, மீட்டரால் பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்து, அது உட்காரும் ஹோல்டர் உருகியிருந்ததை இரண்டு முறை கண்டிருக்கிறேன்.

அடுத்து ரிலேயின் எர்த், அல்லது ரிலேக்குப் பதிலாக அளவான கரண்டை மட்டும் விடும் டிசி-டிசி சார்ஜர் போட்டிருந்தால் அதன் எர்த். இங்கே ஆம்புலன்ஸுக்கே உரிய பொறி ஒன்று உண்டு. உள்சுவர் தகரமாகத் தெரியும். பெரும்பாலும் அது ஃபைபர் பலகை. நண்பர் வண்டியில் ரிலேயின் கறுப்பு ஒயரை அழகாக லக் போட்டு, ஸ்டார் வாஷர் வைத்து, சுவரில் திருகியிருந்தார்கள். ஸ்க்ரூ ஃபைபருக்குள் மட்டும் இறங்கி நின்றிருந்தது. பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தைச் சரியாகத் தொடவே இல்லை. சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. ஒரு மாதம் ரிலேயைச் சந்தேகப்பட்டோம். சாசியில் பெயிண்டைச் சுரண்டி, 6 மில்லி போல்ட் போட்டு எர்த் எடுங்கள். முடிந்தால் எல்லா எர்த்தையும் ஒரே பித்தளைக் கட்டைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தடித்த ஒரே கேபிளில் பேட்டரிக்குப் போங்கள்.

டிசி-டிசி சார்ஜரில் சாவி போட்டதும் 12 வோல்ட் வரவேண்டிய மெல்லிய சிக்னல் ஒயர் ஒன்று இருக்கும். அது கழன்றிருந்தாலும் சார்ஜர் தூங்கிக்கொண்டேதான் இருக்கும்.

*எண் ஏறுகிறது, ஆனால் 13-ஐ ஒட்டியே நிற்கிறது*

கேபிள் மெல்லியது. முன்னாலிருந்து பின்னால் 6 மீட்டர் என்றால், எர்த் கேபிளும் சேர்ந்து கரண்ட் 12 மீட்டர் ஓடுகிறது. 30 ஆம்பியர் போகும்போது 6 சதுர மில்லி ஒயரில் 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 25 சதுர மில்லியில் கால் வோல்ட்தான். மாற்றுவதற்கு முன் லக்குகளைத் தொட்டுப் பாருங்கள். அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் எந்த லக் கொதிக்கிறதோ அங்கேதான் இழப்பு. சுத்தியலால் நசுக்கிய லக் என்றால் வெட்டி எறிந்துவிட்டு, ஹைட்ராலிக் கிரிம்பர் வைத்திருக்கும் கடையில் அடித்து வாங்குங்கள்.

*சார்ஜ் நன்றாக ஏறுகிறது, பானெட் பக்கம் கருகல் வாசனை*

லித்தியம் பேட்டரியை வெறும் ரிலேயில் இணைத்திருக்கிறீர்களா? அது ஆல்டர்னேட்டரால் முடிந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். மலை ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது காற்றும் போதாது. அன்றே அந்த இணைப்பைக் கழற்றுங்கள். 30 ஆம்பியர் அளவில் டிசி-டிசி சார்ஜர் போடும்வரை சோலாரை மட்டும் நம்பி இருங்கள். செலவு உண்டு, ஆனால் ஆல்டர்னேட்டர் மாற்றுவதைவிடக் குறைவு.

நல்ல வெயில், சோலார் ஏறவில்லை

பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருக்கிறதா? நிறைந்தால் கன்ட்ரோலர் (சோலாருக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) தானே நிறுத்திக்கொள்ளும். சிரிக்க வேண்டாம், என்னை அழைத்தவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் விடை.

இல்லை என்றால் ஏணி போட்டுக் கூரையைப் பாருங்கள். ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழல் ஒரு சோலார் பலகையின் மூலையில் விழுந்தாலே உற்பத்தி பாதாளத்துக்குப் போகும். கடற்கரை ஓரத்தில் இரண்டு இரவு நின்றால் உப்பு ஒரு திரைபோல் படியும். நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

அடுத்து, கன்ட்ரோலரில் சோலார் பக்க முனையில் அளக்கவும். 12 வோல்ட் வகைப் பலகை வெயிலில், இணைப்பைக் கழற்றி அளந்தால், 20 முதல் 22 வரை காட்ட வேண்டும்.

*பூஜ்யம்:* பலகையின் ஒயர்களை இணைக்கும் எம்.சி. 4 கனெக்டர் முழுதாக உள்ளே போய் 'டக்' என்று பூட்டியிருக்கிறதா? கூரை அதிர்வில் பாதி கழன்ற கனெக்டர் உள்ளே பொறி பறந்து உருகும். வெயிலில் கரண்ட் ஓடும்போது அதைப் பிடுங்காதீர்கள். பலகையைப் போர்வையால் மூடிவிட்டுக் கழற்றுங்கள்.

*வோல்ட் இருக்கிறது, கரண்ட் இல்லை:* கன்ட்ரோலரில் பேட்டரி வகை சரியாக வைத்திருக்கிறதா, பேட்டரி பக்க ஃபியூஸ் சரியா என்று பாருங்கள். கழற்றி மாட்டும்போது எப்போதும் பேட்டரியை முதலில் மாட்டி, பலகையைக் கடைசியில் மாட்டுங்கள். கழற்றும்போது நேர் எதிராக. வரிசை மாறினால் சில கன்ட்ரோலர்கள் செத்துவிடும்.

*கரண்ட் வருகிறது, ஆனால் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை:* வீட்டு மாடிக்கான 330 வாட் பலகையை, பலகையை நேராகப் பேட்டரியோடு சேர்க்கும் பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலரில் போட்டிருப்பீர்கள். அந்தப் பலகை தருவது 9 ஆம்பியர் சொச்சம். அதை 13 வோல்ட்டில் பேட்டரிக்கு இறக்கினால் 120 வாட்தான். கூடுதல் வோல்ட்டைக் கரண்டாக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர் வாங்க வேண்டும், வேறு வழியில்லை.

ஃபிரிட்ஜ் ராத்திரியில் நின்றுவிடுகிறது

பேட்டரியில் அளந்தால் 12.6. ஃபிரிட்ஜ் மட்டும் 'லோ பேட்டரி' என்கிறது. இரண்டு பேருமே உண்மைதான் சொல்கிறார்கள். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஃபிரிட்ஜின் பிளக்கிலேயே அளந்து பாருங்கள். 2.5 சதுர மில்லி ஒயர் 5 மீட்டர் தூரம் போனால், 5 ஆம்பியருக்கே 0.37 வோல்ட் வழியில் போகிறது. கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டியிருந்தால் அதுவே முதல் குற்றவாளி. நடுமுனை சூடாகித் தளர்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டு ஆண்டர்சன் பிளக் (அதிகக் கரண்டைத் தாங்கும், இறுகப் பிடிக்கும் டிசி பிளக்) போடுங்கள். அப்புறம் ஒயரை 6 சதுர மில்லிக்கு மாற்றுங்கள். இரண்டும் செய்தும் நின்றால்தான் பேட்டரியின் கொள்ளளவைச் சந்தேகிக்க வேண்டும். வாயு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் வேலை.

இன்டக்ஷன் வைத்ததும் இன்வெர்ட்டர் கத்துகிறது

1200 வாட் அடுப்புக்கு 12 வோல்ட் பக்கம் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஆம்புலன்ஸில் இருந்த இன்வெர்ட்டரின் கேபிள் அதற்காகப் போட்டதல்ல. அடுப்பைக் குறைந்த சூட்டில் வைத்துப் பாருங்கள். அதில் கத்தவில்லை என்றால் கேபிள் அல்லது பேட்டரியின் பி.எம்.எஸ். வரம்பு. கேபிளை இரண்டு அடிக்குள் சுருக்கி, 35 சதுர மில்லிக்குக் குறையாமல் போடுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும். இது இல்லாமல் ஓடும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. உள்ளே ஆட்கள் தூங்குகிறார்கள்.

இன்வெர்ட்டரிலிருந்து வெளியே போகும் 230 வோல்ட் பக்கம் எதில் கை வைப்பதாக இருந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வண்டி உடம்பைத் தொடும்போது சுரீர் என்றால் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, அவர் வரும்வரை போடவே போடாதீர்கள்.

மழையில் ஒழுகுகிறது

சொட்டும் இடத்தில் ஓட்டை இருக்காது. கூரைச் சட்டத்தை ஒட்டித் தண்ணீர் ஓடி, நாலு அடி தள்ளிச் சொட்டும். வெயில் நாளில் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே ஓஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது.

முதலில் சுழல் விளக்கின் திருகு ஓட்டைகள், அதன் ஒயர் போன ஓட்டை, கூரை வென்ட். பிறகு நீங்கள் போட்ட சோலார் கால்கள். பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டி எடுத்து, பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். புளிப்பு வாடை அடிக்கும் பாத்ரூம் சிலிக்கான் தகரத்தை அரிக்கும்.

கூரை சரி, தரைதான் ஈரம் என்றால் ஸ்ட்ரெச்சர் தண்டவாளம் இருந்த இடத்தைப் பாருங்கள். அதன் போல்ட் ஓட்டைகள் தரையைத் துளைத்துக் கீழே போகும். சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் அதன் வழியே பிளைவுட்டுக்குள் ஏறும். வால்பாறையில் மூன்று நாள் மழைக்குப் பிறகு என் படுக்கைக்கு அடியில் பலகை பிஸ்கட் போல் பொருபொருத்துப்போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பலகை மட்டும் இளகியிருந்தால் நீங்களே மாற்றலாம். தகரத்துக்குள் நுனி இறங்கினால் டிங்கரிங் பட்டறை.

பம்ப் விட்டு விட்டு ஓடுகிறது

குழாய் மூடியிருக்கும்போது ஓடினால் எங்கோ கசிவு. திறக்கும்போது மட்டும் விக்கினால் வடிகட்டி அடைப்பு அல்லது தொட்டியில் தண்ணீர் குறைவு. ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால் உறிஞ்சும் பக்கக் கிளிப்பை முடுக்குங்கள். பம்பைக் கழற்ற வேண்டி வந்ததே இல்லை.

கேஸ் வாசனை

சுவிட்ச் எதையும் தொடாமல், சிலிண்டரை மூடி, எல்லாக் கதவையும் திறந்து, ஆட்களை வெளியே அனுப்புங்கள். வாசனை முழுக்கப் போன பிறகு சிலிண்டரைக் கொஞ்சம் திறந்து, சோப்பு நுரை தடவி மூட்டுகளைப் பாருங்கள். ரெகுலேட்டரில் நுரை பொங்கினால் ரெகுலேட்டரை மாற்றுங்கள், டியூபில் என்றால் டியூபை. சுவருக்குள் போகும் குழாய் என்றால் கேஸ் மெக்கானிக் பார்க்காமல் மறுபடி திறக்காதீர்கள். சுவருக்குள் விட்டுப்போன பழைய ஆக்சிஜன் குழாயில் கேஸைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. அதைப் பிடுங்கி எடுத்துவிடுங்கள்.

செக்போஸ்டில் நிறுத்துகிறார்கள், ரோட்டில் வழி விடுகிறார்கள்

இதுவும் சரிசெய்ய வேண்டிய கோளாறுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். ஆர்.சி.யில் இன்னும் ஆம்புலன்ஸ் என்று இருந்தால், தச்சு வேலையை ஆரம்பிப்பதற்கு முன் அங்கே போய்ப் பேசுங்கள். சைரனும் சுழல் விளக்கும் வண்டியில் இருக்கவே கூடாது.

வண்டியில் ஒட்டியிருந்த 'ஆம்புலன்ஸ்' ஸ்டிக்கரை நான் உடனே எடுக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். ஒரு சாயங்காலம் அவிநாசி ரோட்டில் பைக் விபத்து. கூட்டத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து கை காட்டி வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்துவிட்டார். உள்ளே மெத்தை, அடுப்பு, தண்ணீர்க் குடம். அவர் முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை. 108 வரும்வரை அங்கேயே நின்றேன். மறுநாள் காலை ஹீட் கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டிக்கரின் ஓரத்தைச் சூடாக்கி, பிளாஸ்டிக் பிளேடால் மெதுவாக உரித்தால் பெயிண்ட் வராது. பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம். வெயில் படாத இடம் பளிச்சென்று இருப்பதால், எழுத்து போன பிறகும் அதன் நிழல் தெரியும்; பாலிஷ் போட்டும் போகவில்லை என்றால் பெயிண்டரிடம் விட்டு, அந்தப் பக்கம் முழுக்க வேறு நிறம் அடித்துவிடுங்கள். நிறம் மாறினால் அதையும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.